14 அடிப் பழைய டிரெய்லர் ஒன்றின் மீட்டெடுப்பு: உள்ளேயிருந்து தொடங்கியதால் நேர்ந்தது

பின்னணி

அமெரிக்காவில் வாழும் ஒரு தம்பதி, 1960களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட 14 அடிப் பயண டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துச் சென்று தங்கும் வண்டி) ஒன்றை ஒரு செப்டம்பர் மாதம் வாங்கினார்கள். அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவர மூன்று மாதம் போதும் என்று நினைத்தார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அதில் முதல் எட்டு மாத வேலை முழுவதும் வீணானது. நான் அவர்களுடைய நண்பன். வாரக் கடைசிகளில் கூட இருந்து அளவெடுப்பதும் குறிப்பெழுதுவதும் என் பங்கு. அந்த வீணான எட்டு மாதம் இன்னொருவருக்கு மிச்சமாகட்டும் என்ற எண்ணத்தில், அவர்கள் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

வண்டியின் கட்டுமானத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் வரும் எல்லாமே அதைப் பொறுத்தவை. முன்னும் பின்னும் வளைந்து பக்கங்கள் தட்டையாக இருக்கும் இந்த வடிவத்துக்கு அங்கே 'கேன்ட் ஹாம்' என்று செல்லப்பெயர். தகர டப்பாவில் வரும் இறைச்சியின் வடிவம். வெளியிலிருந்து பார்த்தால் முழு உலோக வண்டி போலத் தெரியும். உண்மையில் அது மரத்தால் ஆன ஒரு பெட்டி. இரும்புச் சேஸிஸின் மேல் பலகைத் தரை, அதன்மேல் ரீப்பர் போன்ற மெல்லிய சட்டங்களால் ஆன கூடு, உள்பக்கம் 3 மில்லிமீட்டர் பர்ச் மரப் பிளைவுட், வெளிப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் அலுமினியத் தகடு. தகடு மழையைத் தடுக்கிறது, அவ்வளவுதான். வண்டியை நிமிர்த்தி நிறுத்துவது மரக்கூடும் உள்ளேயிருக்கும் அலமாரிகளும்.

தொழிற்சாலையில் இவற்றை உள்ளேயிருந்து வெளியே கட்டினார்கள். பக்கச் சுவரை உள்பலகையோடு தரையில் படுக்கவைத்துச் செய்து, நிறுத்தி, அலமாரிகளைப் பொருத்தி, வெளிப்பக்கத்திலிருந்தே அவற்றுக்குத் திருகாணி முடுக்கி, மின்கம்பி ஓட்டி, இடைவெளியில் கண்ணாடியிழைப் பஞ்சை வைத்து, கடைசியாகத் தகட்டை மூடினார்கள். ஆகவே அலமாரியைப் பிடித்திருக்கும் திருகாணியின் தலை தகட்டுக்கு அடியில் இருக்கும். உள்ளே நின்று எவ்வளவு தேடினாலும் அது கண்ணில் படாது.

வாங்கிய நாளில் பார்த்தவை

தரை மிதித்தால் அழுந்தவில்லை. கதவு ஒரு தள்ளில் மூடியது. உள்ளே தேன் நிறத்தில் பர்ச் பலகை, அறுபது ஆண்டுப் பழமையின் மணம். பின் சன்னலின் கீழ் மட்டும் இரண்டு கையகல அளவுக்குப் பலகை கறுத்திருந்தது. விற்றவர், "அது பழைய கசிவு, எப்போதோ அடைத்தாயிற்று" என்றார். கூரை விளிம்பு நெடுகிலும் சிலிக்கோன் பூசியிருந்ததைக் காட்டினார். அது தடவிய ஆளின் விரல் தடம் அப்படியே பதிந்து, விளிம்பு முழுவதும் வெள்ளையாகத் தடித்திருந்தது.

அந்தக் கறுப்புத் தடத்தின் மேல் யாரும் ஒரு குத்தூசியை வைத்து அழுத்திப் பார்க்கவில்லை. நானும் அங்கே இருந்தேன். எனக்கும் தோன்றவில்லை.

முதல் முடிவு: உள்ளலங்காரம்

குளிர்காலம் வருவதற்குள் உள்ளே முடித்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். காரணம் எளிது: உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. சமையல் மேடை அலமாரியையும் அதற்கு எதிரிலிருந்த துணி அலமாரியையும் கழற்றினார்கள். திருகாணி கிடைக்காததால் நெம்பினார்கள். மேடையின் ஒரு பக்கப் பலகை பிளந்தது. கறுப்புத் தடத்துக்கு மேல் கறை மறைக்கும் பிரைமர், அதற்கு மேல் இரண்டு பூச்சு வெள்ளை எனாமல். முன் சுவரில் இரண்டு பலகைகளுக்கும் அதே வெள்ளை. வெளியே, பழைய சிலிக்கோனின் மேல் புதிய சிலிக்கோன்.

ஜனவரியில் கதவு உரச ஆரம்பித்தது. கணவர் கீலைச் சரிசெய்தார். பிப்ரவரியில் மீண்டும் உரசியது. கதவின் விளிம்பை இழைத்தார். அது கீலின் குறையே இல்லை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. இரண்டு அலமாரிகளும் இல்லாததால் கூடு மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது.

மே மாதம், முதல் மழை

முதல் பயணம் இரண்டு இரவுகள். முதல் இரவே மழை. காலையில் பின் படுக்கையின் ஓரம் நனைந்திருந்தது. வெள்ளை எனாமல் ஒரு தட்டளவுக்குக் கொப்பளித்து, அதன் நடுவில் பழுப்பு நீர் தேங்கி நின்றது. விரலால் தொட்டதும் கொப்புளம் உடைந்து, நீரோடு ஊறிய மரத்தூளும் வழிந்தது.

வீடு திரும்பியதும் ஈரப்பதமானியைக் கடன் வாங்கி, ஊசிகளைப் பல இடங்களில் குத்திப் பார்த்தோம். நடுச்சுவரில் 11, 12 சதவீதம். பின் சன்னலுக்குக் கீழும், முன்பக்கம் கீழ் மூலை இரண்டிலும் 30க்கு மேல். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்குக் கிட்டத்தட்ட அந்த அளவு ஈரம் கிடைத்தால் போதும், பரவத் தொடங்கிவிடும். 20 சதவீதத்துக்குக் கீழே மரத்தை வைத்திருந்தால் அது வேலை செய்யாது. ஆனால் செத்தும் போகாது, ஈரம் திரும்பினால் எழுந்துகொள்ளும்.

முன் மூலைகளில் 30 என்பதுதான் எங்களை அதிரவைத்தது. அங்கே ஒரு கறைகூட இருந்ததில்லை. கூரை விளிம்பில் நுழைந்த தண்ணீர், முன் வளைவுச் சட்டத்தின் முதுகிலேயே வழிந்து இறங்கி, உள்பலகையைத் தொடாமல் அடிமூலையில் தேங்கியிருக்கிறது. ஆக, கறை தெரியும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் ஐந்தடி தள்ளி இருக்கலாம். கறையே இல்லாமலும் மரம் போகலாம்.

மாமனாரின் வருகை

ஜூனில் மனைவியின் தந்தை ஆறு மாதம் தங்குவதற்காக வந்தார். நாற்பது ஆண்டு மரவேலை செய்தவர். டிரெய்லர் என்ற ஒன்றை அதுவரை கண்டதில்லை. வந்த மறுநாள் வண்டியைச் சுற்றி நடந்து, விரல் மடக்கி ஓர் அடிக்கு ஓர் இடமாகத் தகட்டைச் சுண்டிக்கொண்டே போனார். நல்ல சட்டம் இருக்கும் இடத்தில் சத்தம் இறுக்கமாக வந்தது. பின்பக்கம் வந்ததும் சத்தம் தளர்ந்தது. அங்கேயே நின்றார்.

"மாப்பிள்ளை, இந்த இடத்தில் உள்ளே மரம் இல்லை."

"இருக்கிறது மாமா, நான் வாங்கும்போது பார்த்தேனே."

"பலகையைப் பார்த்திருப்பீர்கள். சட்டத்தை யார் பார்த்தது?"

தகடுகள் சேரும் விளிம்பை மூடியிருக்கும் விளிம்புப்பட்டையின் கடைசி நான்கு திருகாணிகளைக் கழற்றித் தகட்டின் ஓரத்தை விலக்கினோம். திருகாணிகளில் இரண்டு துருப்பிடித்துத் தலை மட்டுமே கையோடு வந்தது. அவர் குத்தூசியைச் சட்டத்தில் வைத்தார். அழுத்தவே இல்லை, கைப்பிடி வரை இறங்கியது. மரம் கரும்பழுப்பாகி, குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்திருந்தது. ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினார், பொடியானது. ஸ்டேப்பிள்கள் மட்டும் தகட்டின் ஓரத்தில் வரிசையாக, எதையும் பிடிக்காமல் நின்றன.

அன்று மாலைதான் உண்மையான முடிவு எடுக்கப்பட்டது. மூன்று வழிகள் பேசப்பட்டன. மக்கிய இடங்களில் எபாக்சி என்ற இறுகும் பிசினைச் செலுத்திக் கெட்டியாக்குவது முதல் வழி. வண்டியை விற்றுவிடுவது இன்னொன்று. மூன்றாவது, தகட்டை முழுவதும் கழற்றி வெளியேயிருந்து வேலையைத் தொடங்குவது. எபாக்சியை நானே பரிந்துரைத்திருந்தேன். மாமனார் மறுத்தார்: எத்தனை அடி போயிருக்கிறது என்று தெரியாமல் எங்கே செலுத்துவது, அதைச் சுற்றியுள்ள ஈர மரம் எப்படிக் காயும்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்றாவது வழியை எடுத்தார்கள்.

தகட்டைக் கழற்றுதல்

விளிம்புப்பட்டை, சன்னல்கள், விளக்குகள் என்ற வரிசையில் கழற்றினோம். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, திருகாணிகளைத் தனித்தனிப் பையில் போட்டோம். பட்டையின் அடியில் தொழிற்சாலை வைத்த பழைய புட்டி சுண்ணாம்புபோல் காய்ந்து உதிர்ந்தது. கசிவின் மூலகாரணம் இதுதான். புதிதாக இருக்கும்போது அது பிசுபிசுப்பாகத் தகட்டின் அசைவோடு தானும் இழையும். பல பத்தாண்டுகளில் இறுகி, வெடித்து, ஒவ்வொரு திருகாணித் துளையும் ஒரு சிறு குழாய் ஆகிவிடுகிறது. மேலே பூசிய சிலிக்கோன் வெளியே இருந்த சில வழிகளை அடைத்தது. உள்ளே புகுந்துவிட்ட தண்ணீர் வெளியேறும் வழியையும் சேர்த்து அடைத்தது. சிலிக்கோன் ஒட்டிய இடத்தில் பிறகு பெயிண்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது. அதைச் சுரண்டி எடுக்கவே எங்களுக்கு நான்கு வாரக் கடைசிகள் பிடித்தன. பழைய வண்டியில் சிலிக்கோனைக் கண்டால் எனக்கு இப்போது மனம் கனக்கிறது.

தகடு முழுதும் வந்தபின் மூலைவிட்டங்களை அளந்தோம். கதவுப் பக்கச் சுவர் முக்கால் அங்குலம் சாய்ந்திருந்தது. ஜனவரி முதல் கதவு உரசியதன் பொருள் அப்போது விளங்கியது. தொழிற்சாலை எதை வைத்துக் கூட்டை மட்டமாக நிறுத்தியதோ, அதைத்தான் இவர்கள் முதல் வேலையாக வெளியே எடுத்திருந்தார்கள்.

கூட்டைத் திரும்ப நிமிர்த்துதல்

மாமனார் இரண்டு அலமாரிகளையும் முதலில் உள்ளே வைக்கச் சொன்னார். பிளந்த மேடைப் பலகையை ஒட்டி, ரசமட்டம் வைத்துச் சேஸிஸைச் சமன்செய்து, கயிற்றை முறுக்கி இழுத்து, ஒரு நாளைக்குக் கால் அங்குலம் வீதம் சுவரை நிமிர்த்தினார். மூன்று நாள். மூலைவிட்டங்கள் இரண்டும் ஒத்துவந்ததும் அலமாரிகளை வெளியிலிருந்து, அவற்றுக்குரிய பழைய துளைகளிலேயே முடுக்கினோம். நான்காம் நாள் கதவு மூடியது. ஆனால் குளிர்காலத்தில் இழைத்த விளிம்பில் இப்போது இடைவெளி தெரிந்தது. இழைத்ததைத் திரும்ப ஒட்டமுடியாது. அங்கே ஒரு மெல்லிய சிம்பைப் பதிக்க வேண்டியதாயிற்று.

மக்கிய சட்டங்களில் ஒன்றைக்கூட அவர் எறியவிடவில்லை. தார்ப்பாய் ஒன்றை விரித்து, பின்சுவரிலிருந்து எடுத்த துண்டுகளை அவை இருந்த அதே அமைப்பில் படுக்கவைத்தார். வளைவுச் சட்டம் மூன்று துண்டாக வந்தது. அதைப் பிளைவுட் மேல் வைத்து, உதிர்ந்துபோன ஓரத்துக்குத் தாளைக் கிழித்து நிரப்பி, பென்சிலால் கோடிழுத்தார். இந்த வண்டிகளுக்கு வரைபடம் கிடையாது. வளைவு அரை அங்குலம் மாறினாலும் பழைய தகடு திரும்பப் பொருந்தாது. உதிரும் அந்தக் கட்டையைத் தவிர வேறு எங்கும் அந்தக் கோடு இல்லை.

முழுச் சட்டமும் போன இடத்தில் புதியது வைத்தோம். பாதி போன இடத்தில், கெட்ட பகுதிக்கு அப்பால் நல்ல மரத்துக்குள் ஓரடி தள்ளி வெட்டி, பாதிப்பாதியாகச் சீவிப் பொருத்தி ஒட்டினோம். சுற்றியிருந்த பழைய மரத்துக்குப் போரேட் கரைசலைப் பூசினோம். அது பூஞ்சையைத் தடுக்கும், உலோகத்தை அரிக்காது; ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்து போகும் என்பதால் கசிவை நிறுத்துவதற்கு அது மாற்றாகாது.

மரத் தேர்வில் ஒரு தவறு நூலிழையில் தப்பியது. இனி மக்கவே கூடாது என்று கணவர் இரசாயனம் ஏற்றிய சட்டங்களை வாங்கி வந்துவிட்டார். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு முடிவோடு வீட்டு உபயோக மரத்தில் ஆர்சனிக் கலந்த பதப்படுத்தல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்தவற்றில் செம்பு அதிகம். செம்பு கலந்த அந்த மரம் ஈரத்தில் அலுமினியத்தைத் தொட்டால் தகட்டை அரித்துத் துளைத்துவிடும். மரத்தைக் காப்பாற்றப் போய்த் தகட்டை இழந்திருப்போம். அதைத் திருப்பிக் கொடுத்து, சூளையில் உலர்த்திய சாதாரண டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரம் வாங்கினார்கள்.

வெள்ளை எனாமலும் அரக்கும்

தகடு திறந்திருந்த நாட்களில் உள்பலகை வேலையும் நடந்தது. மெருகு எதுவென்று தெரிந்துகொள்ள, அலமாரியின் உள்பக்கம் ஒரு மூலையில் ஸ்பிரிட் தோய்த்த துணியை வைத்தோம். சில நொடிகளில் மெருகு இளகிப் பிசுபிசுத்தது. மாமனார் துணியை முகர்ந்தார். "இது நம் அரக்கு" என்றார். அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றில் அறுபது ஆண்டுகளுக்கு முன் பூசிய ஷெல்லாக்கும், அவர் வாழ்நாள் முழுவதும் நாற்காலிகளுக்குத் துணிப்பந்தால் தேய்த்த அரக்குப் பாலிஷும் ஒரே பூச்சியிலிருந்து வருபவை. அதற்கு முன் எந்நேரமும் ஒதுங்கி நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று முதல் உள்வேலை முழுவதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

அரக்கு மெருகில் ஒரு வசதி உண்டு. புதிய பூச்சு பழையதைச் சற்றே கரைத்து அதனோடு கலந்துவிடும், சுரண்ட வேண்டியதில்லை. வெள்ளை எனாமல் பூசாத பலகைகள் எல்லாம் துடைத்து, இரண்டு பூச்சில் பழைய தேன் நிறத்துக்கு வந்தன. எனாமல் பூசிய இரண்டு முன்பலகைகளைச் சுரண்ட ஐந்து வாரம் ஆனது. துளைகளில் புகுந்த வெள்ளை முழுதும் போகவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தால் இன்றும் அங்கே ஒரு சாம்பல் சாயல் தெரிகிறது. மனைவிக்கு அதில் தீராத வருத்தம், பூசியது அவர்.

தரையில் ஒன்பது அங்குலச் சதுர ஓடுகள் இருந்தன. அந்தக் காலத்து அளவு அது. ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். இருந்தது. முழுதாக இருந்த ஓடுகளைத் தொடாமல் மேலே புதிய தரை விரித்தார்கள். பின்மூலையில் பலகையே மக்கியிருந்த பகுதியை மட்டும் உரிமம் பெற்ற ஆட்கள் வந்து எடுத்தார்கள். இந்தச் செலவை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

கம்பி, வாயு, சக்கரம்

பழைய மின்கம்பி இரண்டு இழை கொண்டது, நிலக்கம்பி கிடையாது. பின்சுவரில் ஓர் இடத்தில் தகட்டின் ஸ்டேப்பிள் கம்பியின் உறையைக் குத்தி நின்றது. இன்னும் ஒரு முடி ஆழம் போயிருந்தால் வண்டியின் மொத்தத் தகட்டிலும் மின்சாரம் ஏறியிருக்கும். ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுகிறவர் கதி என்ன ஆகும்? இதைப் பார்த்தபின் பழைய கம்பியில் ஒரு அடியைக்கூட வைத்துக்கொள்வதில்லை என்று முடிவானது. உரிமம் பெற்ற மின்பணியாளர் நிலக்கம்பியுடன் புதிதாக ஓட்டி, சேஸிஸையும் தகட்டையும் அதனுடன் இணைத்தார். வண்டியின் மின்பகிர்வுப் பெட்டிக்குள் நியூட்ரலும் நிலக்கம்பியும் தனித்தனியாகவே இருக்க வேண்டும் என்பதை அவர் இரண்டு முறை சொல்லிச் சரிபார்த்தார்.

வாயுக்குழாயில் பழைய இணைப்பு ஒன்று சோப்பு நீரில் நுரைத்தது. குழாய், ரெகுலேட்டர் இரண்டும் மாற்றப்பட்டன. பழைய சிலிண்டரில் மிகைநிரப்பலைத் தடுக்கும் வால்வு இல்லை. 2002 ஏப்ரல் முதல் இந்த அளவுச் சிலிண்டர்களை அந்த வால்வு இல்லாமல் நிரப்பக் கூடாது. கசிவறியும் கருவியைத் தரையை ஒட்டிப் பொருத்தினோம், புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கார்பன் மோனாக்சைடுக்குத் தனிக் கருவி.

டயர்கள் பார்க்கப் புதியவை. மேற்பரப்பின் வரிப்பள்ளங்கள் ஆழமாக இருந்தன. பக்கவாட்டில் இருந்த எண்ணைத் தேய்த்துத் துடைத்துப் படித்தபோது 2306 என்றிருந்தது: 2006ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுகிறது. இரண்டையும் மாற்றினார்கள். அச்சில் பிரேக்கே இல்லை; மின்பிரேக் உள்ள அச்சை ஒரு பட்டறை பொருத்தித் தந்தது.

தகட்டை மூடுதல்

நவம்பரில் மாமனார் திரும்பிச் சென்றுவிட்டார். தகடு மூடும் வேலை வசந்தத்தில், அவர் இல்லாமல் நடந்தது. இழைப் பஞ்சுக்குப் பதிலாகக் கெட்டி நுரைப்பலகை வைத்தார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் சன்னலுக்கும் அடியில் பியூட்டைல் நாடா, ரப்பர் போன்ற ஒட்டும் அடைப்பு நாடா அது. திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகு, கையாலேயே முடுக்கப்பட்டவை. முடுக்கும்போது நாடா பிதுங்கி வெளிவரும். உடனே வெட்டிவிடாமல், மூன்று நாள் விட்டுத் திரும்பவும் கால் சுற்று முடுக்கி, ஒரு வாரத்துக்குப் பிறகே பிதுங்கியதை மரக்கத்தியால் வழித்தார்கள். நாடா மெல்ல இளகி இடம்பிடிக்க அந்தக் காலம் தேவை.

பிறகு தண்ணீர்ச் சோதனை. தோட்டக் குழாயைக் கீழ்விளிம்பில் தொடங்கி, ஒவ்வொரு மட்டத்திலும் பத்து நிமிடம் நிறுத்தி மேலே போனோம். மேலிருந்து ஊற்றினால் எங்கே நுழைகிறது என்று தெரியாது, எல்லா இடமும் நனைந்துவிடும். மனைவி உள்ளே டார்ச்சுடன் உட்கார்ந்திருந்தார். சன்னல்கள் தாண்டின. கூரை விளிம்பு தாண்டியது. முன் நெற்றியிலுள்ள சிறிய மஞ்சள் விளக்கருகே வந்தபோது உள்ளிருந்து குரல் வந்தது. கம்பி நுழையும் துளையில் ஒரு சொட்டு. அந்த விளக்குக்குக் கம்பித்துளையைச் சுற்றி நாடா வைக்க மறந்திருந்தோம்.

எடை

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், உயிரோடு தொடர்புடையது என்பதால். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், காருடன் இணைக்கும் முன்கொக்கியின் மேல் இறங்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் வண்டியின் வால் இடமும் வலமும் வீசத் தொடங்கும், காரையும் இழுத்துக்கொண்டு போகும். புதிய மெத்தை, புதிய தண்ணீர்த் தொட்டி, கருவிப்பெட்டி என எல்லாம் ஏற்றியபின் எடைமேடையில் 2,150 பவுண்டு. கொக்கியின் எடையை வீட்டுத் தராசிலேயே அளந்தோம்: மூன்றடி இடைவெளியில் ஒரு முனை செங்கல்லிலும் மறுமுனை தராசிலும் இருக்குமாறு ஒரு கட்டையை வைத்து, செங்கல்லிலிருந்து ஓரடி தள்ளிக் கொக்கியை இறக்கினால், தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் போதும். 57 காட்டியது. அதாவது 171 பவுண்டு, 8 சதவீதம்.

தொட்டி பின்படுக்கைக்கு அடியில், அச்சுக்குப் பின்னால் இருந்தது. 12 காலன் தண்ணீரே ஏறத்தாழ 100 பவுண்டு. தொட்டியை அச்சுக்குச் சற்று முன்னே நகர்த்தி, கருவிப்பெட்டியை முன்பக்கம் மாற்றிய பிறகு தராசு 84 காட்டியது. 252 பவுண்டு, 12 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மொத்த எடையில் ஒரு பவுண்டுகூட மாறவில்லை.

விளைவு

இரண்டாவது "முதல் பயணம்" அந்த ஆகஸ்டில் நடந்தது. அதன்பின் இரண்டு குளிர்காலங்கள் கழிந்திருக்கின்றன. ஒவ்வொரு பருவ மாற்றத்திலும் அதே ஏழு இடங்களில் ஈரத்தை அளக்கிறார்கள். பின் சன்னலின் கீழ் 10 முதல் 12. முன் இடது மூலையும் அப்படியே. முன் வலது மூலையில் சென்ற மார்ச்சில் 17 காட்டியது. பட்டையின் அந்த முனையில் இரண்டு திருகாணிகள் தளர்ந்திருந்தன, முடுக்கினார்கள், மே மாதம் 12க்கு இறங்கியது. முன்புபோல் விட்டிருந்தால் அது சுவரில் கறையாகத் தெரிய ஆண்டுகள் ஆகியிருக்கும்.

சரியாகாதவையும் உண்டு. பின்சுவரின் நடுவில் தகடு சற்றே அலையாக நிற்கிறது. அங்கே புதிய சட்டம் ஒன்று பழையதைவிடச் சற்று வெளியே தள்ளியிருக்கிறது. கதவின் சிம்பு கண்ணுக்குத் தெரிகிறது.

மீண்டும் செய்வதானால்

வாங்கும் முன்பே ஈரப்பதமானியும் குத்தூசியும் எடுத்துச் செல்வார்கள். கீழ் மூலைகள் நான்கிலும், ஒவ்வொரு சன்னலின் அடியிலும் பார்ப்பார்கள். வண்டியை வாங்கியிருக்க மாட்டார்களா என்று கேட்டேன். வாங்கியிருப்போம், ஆனால் மூன்று மாதம் என்று சொல்லியிருக்க மாட்டோம் என்றார் மனைவி.

அலமாரிகளைத் தகடு கழற்றும் முன் தொடமாட்டார்கள். உள்பலகையில் எந்தப் பூச்சும் பூசும் முன் ஸ்பிரிட் சோதனை செய்வார்கள். தரை ஓட்டுக்கான ஆய்வைத் தூசி கிளப்பும் முன்பே, முதல் வாரத்திலேயே முடித்துவிடுவார்கள். நாங்கள் அதை மாதங்கள் கழித்து நினைத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

தொட்டியின் இடத்தைக் காகிதத்தில் கணக்கிட்ட பிறகே தரையில் துளையிடுவார்கள். மாமனார் ஊருக்குத் திரும்பும் முன் பின்சுவரை ஒரு நீள மட்டக்கோல் வைத்துப் பார்த்திருந்தால் அந்த அலை வந்திருக்காது, அவசரத்தில் விட்டுப்போனது.

காற்றுக்கான கூரைத் துவாரத்தின் விளிம்புக்கு மட்டும் பழைய நாடாவே இருக்கிறது, அன்று நன்றாக இருந்ததால் மாற்றவில்லை. இந்த வசந்தத்தில் அதைக் கழற்றுகிறார்கள். மாமனார் மீண்டும் ஜூனில் வருகிறார். பின்சுவரை அவர் வரும்வரை தொடுவதில்லை என்று வைத்திருக்கிறார்கள்.